பதினொன்றாம் எண் கூண்டு

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. ஒன்றும் மூன்றும் தொலைக்காட்சி பார்க்கிற எல்லோருக்கும் பழக்கம். பெரும்புயல் வந்த ஆண்டுகளில் பத்தும் காதில் விழுந்திருக்கும். பதினொன்றை அறிந்தவர் குறைவு. அது பத்தாம் எண்ணைவிடப் பெரிய புயலுக்கான கூண்டு என்று நினைத்துவிட வேண்டாம். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துபோனால் ஏற்றப்படுவது அது. இனி எங்களிடமிருந்து தகவல் வராது, உன் கண்ணையும் அனுபவத்தையும் நம்பிக்கொள் என்று கப்பலுக்குச் சொல்லும் கூண்டு.

பழவேற்காடு முதல் எண்ணூர் வரை, திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் அந்தப் பதினொன்றாம் எண் கூண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக் கிடக்கிறது. நம் குற்றச்சாட்டு இதுதான். தகவலுக்குப் பஞ்சமில்லை, கைப்பேசி நிறைய வருகிறது. படகைத் தள்ளுவதா, கட்டிவைப்பதா என்று விடியற்காலை மூன்று மணிக்கு முடிவெடுக்க வேண்டிய மனிதருக்கு அதில் ஒரு வரிகூட உதவவில்லை.

அக்டோபர் பிறந்ததும் வரத்தொடங்கும் அந்த மீனவர் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள். வடதமிழகக் கடலோரத்திலும் அதை ஒட்டிய தென்மேற்கு வங்கக்கடலிலும் மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும். ஆகவே அப்பகுதிகளுக்கு மீனவர்கள் செல்ல வேண்டாம். தேதி மாறும், எண்களில் ஐந்தோ பத்தோ கூடும் குறையும், வாசகம் மட்டும் அச்சில் வார்த்ததுபோல் அப்படியே இருக்கும். வடதமிழகக் கடலோரம் என்பதில் பழவேற்காடும் அடக்கம், கடலூரும் அடக்கம். தென்மேற்கு வங்கக்கடல் என்றால் இலங்கைக்கு அப்பாலும் நீளும். கரையிலிருந்து நாலு கடல் மைல் போய் வலை இறக்கிவிட்டு உச்சிவேளைக்குள் திரும்புகிற ஃபைபர் படகுக்கும், வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் விசைப்படகுக்கும் ஒரே வாக்கியம். காற்று கரையோரத்தில் வீசுமா, அறுபது மைலுக்கு வெளியே வீசுமா? காலையிலா, இரவிலா? பதில் இல்லை.

அதிலும் அந்தச் சூறாவளி என்ற சொல். விட்டுவிட்டு வேகமெடுக்கும் பலத்த காற்றுக்கு ஆங்கில அறிக்கையில் தனிச்சொல் இருக்கிறது. அதைத் தமிழாக்கும்போது சூறாவளிக்காற்று என்று எழுதிப் பழகிவிட்டார்கள். வானிலைத் துறையின் சொந்த அளவுகோல்படி மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால்தான் புயல். அப்படியிருக்க, 2016 டிசம்பர் 12 அன்று சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்த வர்தாவுக்கும் சூறாவளி, ஒரு வாடைநாள் காற்றுக்கும் சூறாவளி என்றால் கேட்பவர் எதை வைத்துப் பிரித்தறிவார்? மாதத்தில் பத்து நாள் சூறாவளி என்று கேட்டு, பத்து நாளும் கடல் சும்மா கிடந்ததைக் கரையில் உட்கார்ந்து பார்த்தவர், பதினோராம் நாள் புயல் உண்மையாகவே புறப்பட்டு வரும்போது அதைப் பழைய செய்தி என்றுதான் எடுத்துக்கொள்வார். சோம்பலில் பிறந்த ஒரு மொழிபெயர்ப்பு உயிர்ச்சேதத்தில் போய் முடியலாம் என்று வானிலை அலுவலகத்தில் யாருக்குமே தோன்றவில்லையா?

மீனவரிடம் கடலுக்கான சொற்கள் இல்லாமல் இல்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசையால் பிரிப்பார்கள். நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வன்னி என்றும் சொல்வார்கள். காற்று வலுவாக இருந்தும் வலை இறக்க முடிகிற நாள் உண்டு. காற்றே இல்லாமல் நீரோட்டம் வலையைச் சுருட்டிப் போடுகிற நாளும் உண்டு. பழவேற்காட்டுக்காரருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் முதற்கேள்வி: முகத்துவாரம் எப்படி இருக்கிறது? ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரி. அதிலிருந்து கடலுக்குப் போகும் வாசலை மணல் தூர்த்துக்கொண்டே இருக்கிறது. திறந்த கடலில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உருண்டு வரும் அலை, முகத்துவாரத்து மணல்திட்டில் ஆழம் குறைந்ததும் எழும்பி உடையும். மீனோடு திரும்பும் படகு கவிழ்வது பெரும்பாலும் நடுக்கடலில் அல்ல, கரை கண்ணுக்குத் தெரியும் இந்த இடத்தில்தான். இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கணித்துத் தரும் அலை உயரமோ திறந்த கடலுக்கானது. முகத்துவாரத்தில் இன்று எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கடக்கலாம் என்று ஒரு வரி சொல்ல ஆளில்லை.

அறிவியலுக்கு மீனவர் மொழி ஆகாது என்று யாராவது வாதிட வந்தால் அவரைக் கன்னியாகுமரிக்கு அனுப்பிவைக்கலாம். காற்றில்லாத, வானம் வெளுத்த நாளில் திடீரெனக் கரையேறி அடிக்கும் பேரலைக்கு அந்தத் தென்மேற்குக் கரையின் மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். கள்வனைப்போலச் சொல்லாமல் வருவது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. நாட்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கண்டபின் புதுப்பெயர் தேடவில்லை. கள்ளக்கடல் என்றே ஆய்வுக் கட்டுரைகளிலும் அரசு அறிவிப்புகளிலும் எழுதுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள அந்தக் கடல்சார் தகவல் சேவை மையம் அதை முன்கூட்டியே கணித்தும் சொல்கிறது.

சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. 2024 மே மாதத் தொடக்கத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியானது. மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. கணிப்பு சரி, இடமும் சரி. அந்த மணலில் நின்ற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவேண்டிய கடைசி நூறு அடியில் சங்கிலி அறுந்துபோயிருந்தது. இதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகையை நாம் எழுதிவிட முடியாது.

ஒக்கியிலும் நடந்தது இதுவே. 2017 நவம்பர் 30 காலை குமரிக்கடலில் அது புயலானது; கரைக்கு மிக அருகில், சில மணி நேரங்களில் வலுத்தது. மீனவர் எச்சரிக்கை முந்தைய நாளே வெளியிடப்பட்டது என்று பிறகு அறிக்கைகள் நிரூபித்தன. யார் மறுத்தார்கள்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே புறப்பட்டு, எந்தக் கைப்பேசிக் கோபுரமும் எட்டாத தொலைவில் இருந்தன. எச்சரிக்கை கரைக்குச் சொல்லப்பட்டது, கடலுக்குச் சொல்லப்படவில்லை. தமிழகமும் கேரளமுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. வங்கதேசம் வைத்த அந்தப் பெயருக்குக் கண் என்று பொருளாம். படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி பொருத்தும் பேச்சு அந்தச் சாவுகளுக்குப் பிறகே சூடுபிடித்தது.

வானிலைக் கணிப்பு தவறுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் அதே கரைக்கு வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டு, சாவு சில பத்துகளில் நின்றது. அந்த வித்தியாசத்தில் இந்திய வானிலைத் துறையின் பெரும் உழைப்பு இருக்கிறது. வெப்பமண்டலக் கடலின் குணமும் எளிதல்ல. மேலடுக்குக் காற்று ஒரு புயலை இழுத்துக்கொண்டு போகிறவரை பாதையைக் கணிக்கலாம். அந்த இழுப்பு தளர்ந்துவிட்டால் அது கரைக்கு அருகே வந்து நடுத்தெருவில் வண்டி நின்றதுபோல் நின்றுவிடும். எப்போது கிளம்பும், எங்கே கொட்டும் என்று எந்த நாட்டுக் கணினியும் அறுதியிட்டுச் சொல்லாது. ஆகவே தவறியதை மன்னிக்கிறோம். தவறிய பின் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

2021 டிசம்பர் 30 அன்று மாலை சென்னையில் முன்னறிவிப்பின்றி அடைமழை கொட்டியது. மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். சிவப்பு எச்சரிக்கையை உரிய நேரத்தில் தரும் திறன் வானிலை மையத்துக்கு வேண்டும் என்று முதலமைச்சர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. 2024 அக்டோபர் 16 இதற்கு நேர்மாறு. சென்னைக்கும் திருவள்ளூருக்கும் சிவப்பு எச்சரிக்கை; வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள்; சொன்ன அளவுக்கு மழை வரவில்லை. அடுத்த மாதமே ஃபெஞ்சல். 27ஆம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. பிறகு புயலாகாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். 29ஆம் தேதி பிற்பகல் புயலாகிவிட்டது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே நின்று, புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண்சரிவில் ஏழு உயிர்கள் போயின.

இத்தனைக்கும் அந்த நாட்களில் தொலைக்காட்சிகள் ஓயாமல் விவாதித்தது ஒன்றே ஒன்றை: புயலா, இல்லையா? பெயர் கிடைக்குமா, கிடைக்காதா? 61 கி.மீ. காற்றுக்குப் பெயர் கிடையாது, 62க்கு உண்டு. ஃபைபர் படகில் இருப்பவருக்கு 50 கி.மீ. போதும், கதை முடிய. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைச் சீரழித்த டிட்வா, வலுவிழந்த பிறகுதான், டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக்கு அருகே கடலில் நின்று வடகரையோரத்தை நனைத்தெடுத்தது. 2015 டிசம்பர் 1 பெருமழைக்குப் பெயரே கிடையாது. ஊடகத் தோழர்களுக்கு இது உறைக்கவேண்டும். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இந்த ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் வானிலைத் துறை ஆங்கிலத்தில் விரிவான அறிக்கை வெளியிடுகிறது. கரை கடந்த இடத்தில் இத்தனை கி.மீ. பிழை, நேரத்தில் இத்தனை மணி பிழை என்று அதில் அட்டவணை இருக்கும். நிபுணர்களுக்கு நல்ல தீனி. பழவேற்காட்டு மீனவருக்கோ, பொன்னேரி வட்டாட்சியருக்கோ தேவையான கணக்கு வேறு. இந்த வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரைக்கு எத்தனை நாள் கடலுக்குப் போகாதே என்றோம். அதில் எத்தனை நாள் கடல் உண்மையில் சீறியது. சொல்லாமல் விட்ட நாளில் எத்தனை முறை சீறியது? மளிகைக்கடை அண்ணாச்சியே மாதக் கடைசியில் இருப்புக்கணக்குப் பார்க்கிறார். 1875இல் தொடங்கி 150 ஆண்டு விழா கொண்டாடிய துறை, அதை ஒட்டி 2025 ஜனவரியில் 2,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் தொடங்கிவைக்கப்பட்ட துறை, ஒரு மீன்பிடிக் கரைக்கு ஒரு பக்கக் கணக்கைத் தமிழில் எழுதி ஒட்டக்கூடாதா?

அந்தக் கணக்கு இல்லாததால் யார் நட்டப்படுகிறார்கள்? எச்சரிக்கை வந்தால் விசைப்படகுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. சிறு படகுக்காரருக்குக் கிராமத்தின் வழியே தகவல் போகும். பங்குக்கு வேலை செய்யும் ஆளுக்கு அன்றைக்குப் பங்கு சுழி. ஐஸ் உடைக்கிறவர், ஏலம் கூவுகிறவர், கூடை தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிச் சந்தைக்குப் போகும் அம்மா, எல்லோருக்கும் சுழி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு, மீன்பாடு குறைந்த மழைக்காலத்துக்கும் ஒரு தொகை உண்டு. அந்தத் தொகை எத்தனை நாள் எச்சரிக்கையால் படகு கட்டிக் கிடந்தது என்று எண்ணிப் பார்த்து வருவதில்லை. முடியாத காரியமா? 2021 அக்டோபர், நவம்பரில் வானிலை எச்சரிக்கைகளால் வேலையிழந்த மீனவக் குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய் என்று கேரள அரசு முடிவெடுத்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் எங்கள் சொல்லைக் கேட்டு நீ கரையில் நின்றாய், அதற்கு விலை உண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. அந்த ஒப்புதலைத் தமிழ்நாட்டு மீன்வளத் துறை இன்றுவரை தரவில்லை. ஒவ்வொரு எச்சரிக்கை நாளுக்கும் அரசு பணம் எடுத்துவைக்க வேண்டியிருந்தால், அறிவிப்பு தானாகவே கூர்மையாகும் என்பதும் நம் சந்தேகம்.

கடலே கண்ணில் படாத திருவாலங்காட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். இந்த ஊருக்கும் கடலுக்கும் பழைய கணக்கு இருக்கிறது. கடல் கடந்து சென்ற படை கடாரத்தை வென்றதைச் சொல்லும் ராசேந்திர சோழனின் செப்பேடு கிடைத்தது இங்கேதான். பருவக்காற்றைக் கணிக்கத் தெரியாமலா அந்தப் படை கப்பலேறியது? கயிலையிலிருந்து தலையால் நடந்து வந்த காரைக்கால் அம்மை அடைந்த தலமும் இதுவே. அவர் கணவர் கலத்தில் ஏறிப்போன வணிகர்.

இன்றைய கணக்கும் உண்டு. வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் கருக்கொண்டால் கொசஸ்தலையில் தண்ணீர் ஏறுகிறது. அது பூண்டியில் தேங்கி, மதகு திறந்ததும் எண்ணூர் கழிமுகத்தில் போய் விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியின் எண்ணெய்க் கழிவு அந்தக் கழிமுகத்து மீனவரின் வலையிலும் படகிலும் அப்பியதை நாடே பார்த்தது. ஆனால் எச்சரிக்கை வரும்போது மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம். ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டு மலையடிவாரமும், பழவேற்காட்டுத் தீவுகளும், ஏறக்குறைய 3,400 சதுர கி.மீ. பரப்பும் ஒரே சிவப்பு. பொன்னேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளில் இங்கே பளீரென்று வெயில், பள்ளிக்கு விடுமுறை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்ட ஆள் வைத்த விவசாயி வெட்டுவதா நிறுத்துவதா என்று வானத்தைப் பார்க்கிறார். சிப்காட்டில் இரவுப்பணிக்குப் போகும் தொழிலாளிக்கோ எந்த நிறமும் செல்லுபடியாவதில்லை. வருகைப் பதிவேடு மட்டுமே செல்லும். 2022-23 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு இரண்டு ரேடார், 100 வானிலை நிலையங்கள், 400 தானியங்கி மழைமானிகள் என்று அறிவித்தது. கருவிகள் பெருகப் பெருக எச்சரிக்கையின் பரப்பு சுருங்க வேண்டாமா?

நம் தரப்பிலும் ஒரு கறை இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் மிதக்கவிட்டிருக்கும் அளவீட்டு மிதவைகளில் படகைக் கட்டுவதும், அவற்றைச் சேதப்படுத்துவதும் நடக்கிறது. கடலின் நாடியைப் பிடிக்கும் விரலை வெட்டிவிட்டு, வைத்தியர் நோய் சொல்லவில்லை என்று கேட்க முடியாது. மீனவ பஞ்சாயத்துகள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியிலிருந்தே புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் நடத்தியது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, அந்த ஊர்க் கடலுக்கானதை மட்டும் பிரித்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அன்றாடம் தமிழில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் பதறிச் சொன்னதை வைத்து நல்லவாடு கிராமத்தையே கரையிலிருந்து விரட்டிக் காப்பாற்றியது அதே திட்டத்தின் ஒலிபெருக்கிதான். செயற்கைக்கோள் அல்ல, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர் எச்சரிக்கையிலிருந்து சூறாவளிக்காற்று என்ற சொல்லை உடனே நீக்கட்டும். புயலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு எச்சரிக்கையும் கரையிலிருந்து எத்தனை கடல் மைல், எந்த மணி முதல் எந்த மணி வரை, எந்தத் திசைக் காற்று, எந்த அளவு படகுக்கு என்று சொல்லட்டும். பழவேற்காடு முகத்துவாரத்துக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் தனி அலைக்கணிப்பைக் கடல்சார் தகவல் மையம் தரட்டும்; அதை எப்படி எழுதுவது என்று அந்த ஊர்களின் மூத்த மீனவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதட்டும். மீன்வளத் துறை அதை ஊர் ஒலிபெருக்கியில் மாலை ஒருமுறையும் விடியலுக்கு முன் ஒருமுறையும் வாசிக்க ஏற்பாடு செய்யட்டும். எச்சரிக்கையால் இழந்த நாட்களை எண்ணி ஈடு கொடுக்கும் ஆணையை மாநில அரசு பிறப்பிக்கட்டும். மாவட்ட ஆட்சியர் சிவப்பு, ஆரஞ்சு அறிவிப்புகளை வட்டவாரியாகக் கேட்டு வாங்கட்டும்.

இதற்கெல்லாம் குழு அமைப்பார்கள், குழு சுற்றுலா போகும் என்று நமக்குத் தெரியும். ஆகவே ஒரு தேதி குறிக்கிறோம். அடுத்த வடகிழக்குப் பருவத்தின் முதல் எச்சரிக்கை வெளியாகும் நாளில், அந்த வாசகத்தை வரிக்கு வரி இந்தப் பக்கத்தில் அச்சிடுவோம். சென்ற ஆண்டின் வாசகம் பக்கத்திலேயே இருக்கும். பழவேற்காட்டு மீன் ஏலக்கூடத்துச் சுவரிலும் இரண்டையும் ஒட்டுவோம்.